கேள்வி கேட்காத இருபது நிமிடம்

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுப்பவர்கள். ஈராசிரியர் பள்ளிகளிலிருந்து வந்தவர்களும் நிறைய இருக்கிறீர்கள். ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு, இடையில் எமிஸ் இணையப் பதிவையும் முடித்து, சத்துணவு வரிசையையும் பார்த்துவிட்டு மறுபடி பாடத்துக்குத் திரும்புகிறவர்கள் நீங்கள். உங்களிடம் வந்து வாசிப்பின் பெருமையைப் பேச வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் வகுப்பறையில் ஒரு பிள்ளை புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நாம் அந்தப் பிள்ளையைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். "எங்கே, படி பார்க்கலாம்" என்கிறோம். படித்து முடித்ததும் கேள்வி கேட்கிறோம். பதில் சொன்னால் பதிவேட்டில் ஒரு குறி, சொல்லாவிட்டால் வேறொரு குறி. சும்மா ஒரு கதையைக் கேட்டு, சும்மா ஒரு புத்தகத்தைப் புரட்டி, யாருக்கும் கணக்குச் சொல்லாமல் மூடி வைக்கிற சந்தர்ப்பம் பல பிள்ளைகளுக்குப் பள்ளியில் வாய்ப்பதே இல்லை. வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்கு வேறெங்கும் வாய்ப்பதில்லை. ஒரு நாளைக்கு இருபது நிமிடம் அந்தச் சந்தர்ப்பத்தை நாம் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் என் வேண்டுகோள். இனிமேல் சொல்லப்போவதெல்லாம் அது ஏன், எப்படி என்பதுதான்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாசிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மரத்தின் கிளையில் குருவி கூடு கட்டியது' என்பது வாக்கியம். விரலை எழுத்தின் கீழே வைத்து ம, ர, த், தி, ன் என்று கூட்டுகிறாள். கிளைக்கு வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. 'கட்டியது' என்று முடிக்கும்போது மரம் நினைவில் இல்லை. "யார் கூடு கட்டினது?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் பதிலைப் புத்தகத்தில் தேட மாட்டாள். உங்கள் முகத்தில் தேடுவாள். நாம் எல்லோரும் இந்தப் பார்வையைப் பார்த்திருக்கிறோம். எழுத்து தெரிந்த பிள்ளைதான், ஆனால் அந்தத் தாளில் தனக்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு அறிஞர்கள் இதை எளிமையாக விளக்கினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று. காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் மொழியறிவு மற்றொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது. கூட்டல் அல்ல, பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். இரண்டில் எது பூச்சியமானாலும் விடை பூச்சியம்தான். நாம் 247 எழுத்தையும் முதல் திறனுக்காகப் பாடுபட்டுச் சொல்லிக்கொடுக்கிறோம். அது கட்டாயம் வேண்டும். கதை கேட்டாலே பிள்ளைக்கு எழுத்து தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுத்தை ஒழுங்காக, வரிசையாக, பொறுமையாகச் சொல்லித்தான் தர வேண்டும். ஆனால் இரண்டாவது திறனுக்கு நம் பாடவேளை அட்டவணையில் இடம் எங்கே இருக்கிறது?

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய பிரச்சினை. வீட்டில் "ஆத்தா ஊருக்குப் போயிருச்சு" என்று பேசுகிற பிள்ளைக்குப் புத்தகத்தில் 'பாட்டி ஊருக்குச் சென்றாள்' என்று வருகிறது. எழுத்தைச் சரியாகக் கூட்டிவிட்டாலும் வந்து விழுவது அந்தப் பிள்ளை காதில் கேட்டிராத வாக்கியம். படித்த வீட்டுப் பிள்ளைக்கு யாராவது மடியில் உட்கார வைத்து வாசித்துக் காட்டியிருப்பார்கள். அதனால் 'சென்றாள்', 'கூறினான்', 'மகிழ்ந்தது' எல்லாம் அதன் காதில் ஏற்கெனவே ஏறியிருக்கும். மற்றப் பிள்ளைகளுக்கு அந்த நடையை முதன்முதலில் கேட்கிற இடம் நம் வகுப்புதான். ஓசூர் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகளையும், மலையடிவாரத்து இருளர் பிள்ளைகளையும், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளையும் நினைத்துப் பார்த்தால் எனக்குக் கவலை இரட்டிப்பாகிறது.

அதற்குத்தான் அந்த இருபது நிமிடத்தில் வாய்விட்டு வாசித்துக் காட்டச் சொல்கிறேன். எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது எளிது என்று நினைத்து நாம் சரியாகச் செய்யாமல் விடுகிற வேலை.

முதலில் நாற்காலியை விடுங்கள். பாயில் உட்காருங்கள், பிள்ளைகள் அரைவட்டமாக உட்காரட்டும். புத்தகத்தின் முகம் அவர்களைப் பார்க்க வேண்டும், உங்களை அல்ல. அதற்குக் கதை உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். முந்தின நாள் இரவு ஒரு முறை வாசித்துவிட்டுத்தான் வர வேண்டும். அட்டையைக் காட்டுங்கள். எழுதியவர் பெயரையும் படம் வரைந்தவர் பெயரையும் சொல்லுங்கள். புத்தகம் என்பது எங்கோ இருக்கிற ஒரு மனிதர் எழுதியது என்பது ஒன்றாம் வகுப்புக்குப் புதுச் செய்தி. பிறகு மெதுவாக வாசியுங்கள். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும். கதை சொல்வது வேறு, அது இன்னொரு நேரத்துக்கு. இங்கே பிள்ளையின் காதில் ஏற வேண்டியது புத்தகத்தின் மொழி. புரியாத சொல் வந்தால் நிறுத்திப் பாடம் நடத்தாதீர்கள். குரலில், முகத்தில், படத்தில் காட்டிவிட்டு நகருங்கள். பக்கத்தைத் திருப்புகிற இடத்தில் ஒரு கணம் நிற்கலாம். "டீச்சர், திருப்புங்க டீச்சர்" என்று யாராவது ஒருவன் முட்டி போட்டு எழுந்துவிடுவான். எழட்டும்.

முடிந்ததும் அதே கதையை மறுபடி கேட்பார்கள். மறுபடி வாசியுங்கள். மூன்றாவது முறையில் அவர்களே வரியைச் சேர்ந்து சொல்வார்கள். அப்புறம் ஒரு நாள், இன்னும் எழுத்து முழுதாகத் தெரியாத சிறுமி அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்துப் பார்த்துக் கதையை உங்கள் குரலிலேயே சொல்லிக்கொண்டிருப்பாள். புத்தகம் தலைகீழாகக்கூட இருக்கலாம். அப்போது போய்த் திருத்தாதீர்கள். தாளுக்குள் கதை இருக்கிறது என்பதும், அதைத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த நாள் க, ங, ச சொல்லித்தரும்போது அது எதற்கு என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இனி கேள்விக்கு வருகிறேன். கதை முடிந்ததும் நமக்கு நாக்கு அரிக்கும். "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்கத் தோன்றும். தயவுசெய்து கேட்காதீர்கள். ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் பிள்ளையைத் தூக்கித் தராசில் வைத்துப் பார்த்தால் அந்தப் பிள்ளை எப்படிச் சாப்பிடும்? புரிந்ததா என்று அறிய வேறு நேரமும் வேறு வழியும் உண்டு. இந்த இருபது நிமிடத்தில் அது வேண்டாம். நீதியும் வேண்டாம். நரியை ஏமாற்றிய முயலைப் பார்த்துச் சிரித்த பிள்ளையிடம் போய்ப் 'பொய் சொல்லக் கூடாது' என்று முடித்தால் முயலும் போய்விடும், சிரிப்பும் போய்விடும். பிள்ளைகளே பேசினால் கேளுங்கள். "எங்க வீட்லயும் கோழி இப்பிடித்தான் டீச்சர் அடைகாக்கும்" என்று ஒருவன் தொடங்குவான். அவன் கதைக்குள் போயிருக்கிறான் என்பதற்கு அதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

இது புதிய யோசனை என்று நினைக்க வேண்டாம். குஜராத்தில் வக்கீலாக இருந்து, தன் மகனை எப்படி வளர்ப்பது என்ற தேடலில் கல்விக்கு வந்தவர் கிஜுபாய் பதேக்கா. 1920இல் பாவநகரில் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். மீசை வைத்த தாய் என்று அவரை அழைத்தார்கள். அவர் எழுதிய 'பகல் கனவு' தமிழிலும் கிடைக்கிறது. அதில் லட்சுமிராம் என்ற ஆசிரியர் நான்காம் வகுப்பை ஓராண்டுக்குக் கேட்டு வாங்குகிறார். முதல் நாள் அமைதி விளையாட்டு என்று ஒன்றை முயன்று பார்க்கிறார். வகுப்பு இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. மறுநாள் கதையைத் தொடங்குகிறார், பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். மற்ற ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். அவர் கதையை விடவில்லை. ஆளுக்கொரு பாடநூல் வாங்குகிற பணத்தைச் சேர்த்து வகுப்புக்கென்று ஒரு நூலகம் அமைக்கிறார். கற்பனைக் கதைதான். ஆனால் பிள்ளைகளோடு பல ஆண்டு பழகிய மனிதர் எழுதிய கற்பனை. இன்னும் வாசிக்காதவர்கள் இருந்தால், பாடநூலுக்கு முன்னால் அதை வாசியுங்கள்.

கற்பனை போதாது, கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு ஃபிஜித் தீவைச் சொல்கிறேன். கரும்புத் தோட்டங்களுக்கு நம் பக்கத்து மக்களும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தீவுதான். 1980இல் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வீட்டு மொழி அல்ல. வகுப்புக்குச் சுமார் 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தார். வேறு சில வகுப்புகளில் பிள்ளைகள் தாங்களே அமைதியாக வாசித்தார்கள். தினம் இருபது, முப்பது நிமிடம்தான். ஒப்பிடுவதற்காக இன்னொரு பக்கம் வழக்கமான பாடமுறை வகுப்புகளும் இருந்தன. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், கதைப் புத்தகம் கிடைத்த பிள்ளைகள் வாசித்துப் புரிவதில் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த இடைவெளி இன்னும் கூடியது. பாடத்துக்கான நேரத்தைக் கதை தின்றுவிடும் என்று அஞ்சுகிற தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லுங்கள்.

நம் மாநிலமும் சும்மா இருக்கவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. ரிஷிவேலி கிராமக் கல்வி மையத்தில் பிறந்த முறை அது. 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவியது. ஏணிப்படி, அட்டைகள், தலைக்கு மேல் கம்பிப் பந்தல், பிள்ளை உட்கார்ந்தபடியே எழுதுகிற கீழ்மட்டக் கரும்பலகை எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆசிரியர் தரையில் இறங்கி உட்கார்ந்தது அப்போதுதான். அதை நான் பெரிய மாற்றமாகவே கருதுகிறேன். ஆனால் பிள்ளை அட்டையிலிருந்து அட்டைக்குப் போய்க்கொண்டே இருந்தது. அட்டைகளைத் தாண்டி ஒரு முழுப் புத்தகத்துக்கு வந்து சேர்கிற வழி பல வகுப்புகளில் அமையவில்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளைப் பிரித்துக் கற்பிக்கிறோம். கற்பிக்க அந்தப் பிரிவு உதவுகிறது, மறுக்கவில்லை. கதை நேரத்தில் மட்டும் அந்தப் பிரிவு வேண்டாம். அரும்பும் மலரும் ஒரே பாயில் உட்காரட்டும். கேட்டுப் புரிந்துகொள்வதில் அரும்பு நிலைப் பிள்ளை மலர் நிலைப் பிள்ளைக்குச் சளைத்ததல்ல என்பதை அங்கேதான் நீங்களும் பார்ப்பீர்கள், அந்தப் பிள்ளையும் பார்க்கும்.

எந்தப் புத்தகம் என்று கேட்பீர்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் இரண்டு நமக்கு மிகவும் வேண்டியவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். மெல்லக் கற்போர் என்று நாம் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிற பையன் பஸ் போர்டை வாசிக்கிறான். கிரிக்கெட் வீரர் பெயரை வாசிக்கிறான். சினிமா போஸ்டரையும் பிஸ்கட் உறையையும் வாசிக்கிறான். அவனுக்கு வாசிக்க வரவில்லை என்று சொல்ல முடியாது, அவனுக்கான புத்தகம் இன்னும் அவன் கைக்கு வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஆட்டைப் பற்றிய புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஆசிரியருக்குத் தெரியாத நாலு விஷயத்தை அது சொல்லும்.

அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கிய காலத்தில் சிறுவர் பத்திரிகைகளுக்குப் பஞ்சமில்லை. அம்புலிமாமா, கோகுலம் எல்லாம் இப்போது அச்சில் வருவதில்லை. ஆனால் புத்தகமே இல்லை என்று இன்று சொல்ல முடியாது. 1987 முதல் துளிர் இதழ் வருகிறது. நம் பள்ளிக் கல்வித் துறையே ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களை நடத்துகிறது. வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வந்திருக்கின்றன. மெல்லிய புத்தகங்கள், ஒரே மூச்சில் முடிக்கலாம், முடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியும் பிள்ளைக்குக் கிடைக்கும். தூலிகா, பாரதி புத்தகாலயம் ஆகிய பதிப்பகங்கள் படக்கதைகள் போடுகின்றன. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐந்தாம் வகுப்புக்கு நாளொரு அத்தியாயமாக ஒரு நாவலே வாசிக்கலாம். 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைச் சுற்றி நடக்கிற கதை. மணி அடிக்கிற நேரத்தில் அத்தியாயத்தின் நடுவில் நிறுத்திப் பாருங்கள், மறுநாள் வருகை எப்படி இருக்கிறது என்று.

உங்கள் வகுப்பிலேயே புத்தகம் செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளை சொல்கிற கதையை அதன் வாய்மொழியிலேயே சார்ட்டில் எழுதுங்கள், படத்தை அதுவே வரையட்டும், நான்கு தாளை மடித்து நடுவில் தையுங்கள். அட்டையில் எழுதியவர் பெயராக அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கட்டும். வகுப்பில் அதிகம் கைமாறுகிற புத்தகம் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். படிக்காத பெற்றோரிடம் போய் "பிள்ளையைப் படிக்க வையுங்கள்" என்றால் அவர்களுக்குக் குற்றவுணர்வுதான் மிஞ்சும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வேறுமாதிரி கேளுங்கள்: "சாயங்காலம் பூக் கட்டும்போது, பீடி சுற்றும்போது, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால் காது கொடுத்துக் கேட்பீங்களா?" இதற்கு எந்தத் தாயும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். எழுத்து தெரியாத பாட்டிகளைப் பள்ளிக்கே கூப்பிட்டுக் கதை சொல்ல வையுங்கள். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த நாட்டுப்புறக் கதைகளெல்லாம் அப்படிப்பட்டவர்கள் வாயிலிருந்து வந்தவைதான். பாட்டி சொன்ன கதை பிறகு நான்கு தாள் புத்தகமாகட்டும்.

கடைசியாக, இந்த அரங்கில் இருக்கிற அலுவலர்களிடம் ஒரு கோரிக்கை. பல பள்ளிகளில் கதைப் புத்தகங்கள் பீரோவுக்குள் இருக்கின்றன. பழைய புத்தகப் பூங்கொத்துத் திட்டத்தில் வந்த புத்தகம்கூடச் சில இடங்களில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. இதற்கு ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருப்புப் பதிவேட்டில் எண் போட்டு ஏற்றிய புத்தகம் தணிக்கையன்று இல்லாவிட்டால் யார் பதில் சொல்வது? கிழிந்தால் யார் கைக்காசு போடுவது? அந்த அச்சத்தில் பூட்டுகிறார்கள். 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வண்டி போகிற மண்சாலையில் புத்தகம் புதிதாகவே திரும்பி வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆறு வயதுப் பிள்ளைகள் கையாளுகிற புத்தகம் இரண்டு ஆண்டில் கிழியும். எச்சில் படும், அட்டை பிரியும், ஒன்றிரண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பாது. ஆகவே ஆண்டுக்கு இத்தனை புத்தகம் வரை தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம், ஆசிரியர் பணம் கட்ட வேண்டாம், விளக்கக் கடிதமும் வேண்டாம் என்று எழுத்து வடிவில் ஓர் ஆணை கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் போதாது, அடுத்த தணிக்கையாளருக்கு அது தெரியாது. பள்ளிப் பார்வைக்கு வரும்போதும் எத்தனை புத்தகம் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். எத்தனை புத்தகம் கிழிந்திருக்கிறது என்று கேளுங்கள். ஒன்றுமே கிழியவில்லை என்றால் அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். இந்த ஆணை வரும் கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்பே பள்ளிகளுக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.